ஏற்றுவதை வரைகிறோம், இறக்குவதை வரைவதில்லை

நீண்ட பதிவு. இயந்திரவியல், விமானவியல், கடல்சார் பொறியியல், பொருளறிவியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களையும் அவர்களுடைய நெறியாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். பிற துறையினரும் வாசிக்கலாம். கணக்கு கூட்டல் பெருக்கலைத் தாண்டாது.

கடந்த சில மாதங்களில், நெசவுத்துணிக் கூட்டுப்பொருள்களின் இயந்திரவியல் நடத்தையை மாதிரியாக்கும் ஆய்வேட்டு வரைவுகள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தது. எல்லாவற்றிலும் ஒரே வகைப் படம் இருந்தது. கிடை அச்சில் திரிபு, நிலை அச்சில் தகைவு. சோதனைப் புள்ளிகள் சிறு வட்டங்களாக வளைந்து செல்கின்றன. அவற்றின் நடுவே மாதிரியின் கோடு வழுவாமல் செல்கிறது. கீழே, ‘முன்மொழியப்பட்ட மாதிரி சோதனை முடிவுகளுடன் மிக நன்றாகப் பொருந்துகிறது’ என்ற ஒரு வரி. ஆர்-ஸ்கொயர்ட் 0.99. என் முதல் ஆய்வுக் கட்டுரையிலும் இதே படமும் இதே வரியும் உண்டு. ஆகவே குற்றம் சாட்டும் தொனி எங்கேனும் தென்பட்டால், அதில் முதற்பங்கு எனக்குரியது.

என் வாதம் இதுதான்: ஏற்றும் வளைவு ஒன்றை மட்டும் பொருத்திக் காட்டும் மாதிரி, அந்தப் பொருளைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. சுமையை இறக்கிப் பார்க்காதவரை, நாம் வரைந்த கோடு வெறும் கோடுதான். அதிலும் எங்கள் தீவுகளைப் போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில் பயன்படும் பொருளுக்கு, குளிரூட்டிய அறையில் எடுத்த ஒற்றை வளைவைக் கொடுப்பது பாதி வேலைகூட அன்று.

பொருள் எது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கூட்டுப்பொருள் என்றதும் நம் மாணவர்கள் தேஜஸ் விமானத்தையே காட்டுவார்கள். அதன் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழைக் கூட்டுப்பொருள் என்பது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இந்தியக் கடற்கரையில் அன்றாடம் மிகுதியாகப் புழங்கும் நெசவுத்துணிக் கூட்டுப்பொருள் விமானத்தில் இல்லை, படகில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த மாற்றம் இன்னும் விரைவுபட்டது. அந்தமானில் மரப் படகுகளோடு கண்ணாடியிழை டிங்கிகளும் வரிசையாக நிற்பதை, இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் போர்ட் பிளேரின் ஜங்கிலிகாட் கரையில் எவரும் காணலாம்.

அந்தப் படகின் உடலை வெட்டிப் பார்த்தால் வெளிப்புறம் ஜெல்கோட். அதற்குள், துண்டு இழைகளை ஒழுங்கின்றிப் பரப்பிய மேட். அதன்மேல் ரோவிங் எனப்படும் தடித்த கண்ணாடியிழைக் கற்றைகளைப் பாவும் ஊடையுமாக நெய்த துணி. மறுபடி மேட், மறுபடி துணி. இவற்றைப் பிணைப்பது பாலியெஸ்டர் ரெசின். நெய்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேரடியாக அடுக்கினால் அடுக்குகளுக்கிடையே பிடிப்புக் குறையும் என்பதால்தான் நடுவில் மேட் இடுகிறார்கள். இதைப் பட்டறையில் வேலை செய்பவர் எவரும் பாடநூல் படித்துக் கற்றதில்லை.

இனி, ‘நேரிலா நடத்தை’ என்பது என்ன? பள்ளியில் ஹூக் விதி படித்தோம்: தகைவு இரட்டித்தால் திரிபும் இரட்டிக்கும். நெய்த கூட்டுப்பொருளில் அந்த நேர்கோடு மூன்று காரணங்களால் முறிகிறது. முதலாவது, இழை நேராக இல்லை. பாவு நூல் ஊடையின் மேலும் கீழும் ஏறி இறங்கிச் செல்கிறது. இழுக்கும்போது அந்த நெளிவு நிமிர முயல்கிறது. சுற்றியுள்ள ரெசின் அதைத் தடுக்கிறது. இரண்டாவது, பாவு திசையில் இழுத்தால் குறுக்கே கிடக்கும் ஊடைக் கற்றைகளுக்குள் ரெசின் சீக்கிரமே வெடிக்கிறது. வளைவில் அந்த இடத்தில் முழங்கால் போல ஒரு மடிப்புத் தெரியும். இத்துறையில் அதை முழங்கால் என்றே அழைக்கிறார்கள். மூன்றாவதுதான் பெரியது: சறுக்குப்பெயர்ச்சி. துணியை மூலைவிட்டமாக இழுத்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும். வேட்டியை நீளவாக்கில் இழுத்தால் விறைப்பாக நிற்கும். மூலைக்கு மூலை இழுத்தால் இளகிக் கொடுக்கும், சதுரம் சாய்சதுரமாகும். கூட்டுப்பொருளிலும் அந்தத் திசையில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் ரெசின்தான். ரெசின் வளைந்து கொடுக்கும், நுண்ணிய அளவில் வெடிக்கும், இழையை விட்டுப் பிரியும், சற்றே வழியவும் செய்யும். வளைவு வளைவதற்கு இத்தனை காரணங்கள் இருக்கின்றன. அவை அனைத்தும் ஏற்றும்போது ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன.

ஒரு சிறு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்தச் சோதனையிலிருந்தும் பெற்றவை அல்ல. ஒரு நெய்த தகட்டின் தொடக்கச் சறுக்குக் குணகம் 4 ஜிகாபாஸ்கல் என்க. சறுக்குத் தகைவு 60 மெகாபாஸ்கலை எட்டும்போது திரிபு 3 விழுக்காடாக இருக்கிறது. நேர்கோட்டு விதிப்படி அது 1.5 விழுக்காடாக இருந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள 1.5 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

முதல் மாதிரியினர், ‘பொருள் மீட்சியுடையதுதான், ஆனால் அதன் விதி வளைந்தது’ என்பார்கள். திரிபு என்பது தகைவுக்கு நேர்விகிதமான ஓர் உறுப்பும், தகைவின் மும்மடிக்கு விகிதமான இன்னோர் உறுப்பும் சேர்ந்தது என்று 1973இல் ஹானும் சாயும் ஒருதிசை இழைத் தகடுகளுக்கு எழுதிய அழகான சமன்பாடு இவ்வகையைச் சேர்ந்தது. இதன்படி சுமையை இறக்கினால் பொருள் வந்த வழியே திரும்பிச் சுழியத்தில் நிற்கும். மறுபடி ஏற்றினாலும் முதல்நாள் போலவே 4 ஜிகாபாஸ்கலில் தொடங்கும். எதுவும் இழக்கப்படவில்லை.

இரண்டாம் மாதிரியினர் அந்த 1.5 விழுக்காடு மீளா உருமாற்றம் என்பார்கள். சுமையை இறக்கினால் பொருள் தொடக்கச் சரிவுக்கு இணையான கோட்டில் இறங்கி, 1.5 விழுக்காட்டுத் திரிபைச் சுமந்தபடி நிற்கும். விறைப்பு குறையவில்லை, உருவம் மாறிவிட்டது.

மூன்றாம் மாதிரியினருக்கு அது சேதம். நுண்வெடிப்புகளால் குணகம் 4இலிருந்து 2 ஜிகாபாஸ்கலாகிவிட்டது. இறக்கினால் நேர்கோட்டில் சுழியத்துக்கே திரும்பும், உருவம் மாறாது. ஆனால் அடுத்த முறை ஏற்றும்போது பொருள் பாதி விறைப்போடுதான் தொடங்கும்.

இந்த மூன்றையும் ஒரே ஏற்றும் வளைவுக்குப் பொருத்தலாம். மூன்றுக்கும் ஆர்-ஸ்கொயர்ட் 0.99 வரும். மூன்றும் சொல்லும் பொருள்கள் வெவ்வேறு. முதலாவதன்படி படகு என்றும் புதிது. இரண்டாவதன்படி அது கோணிப்போகும். மூன்றாவதன்படி அது தளர்ந்துபோகும். உண்மையான பொருளில் பின்னிரண்டும் கலந்திருக்கும் என்பதே சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியிருப்பது. எந்த விகிதத்தில் கலந்திருக்கும் என்பது இழை, நெசவு, ரெசின், ஈரம் ஆகியவற்றைப் பொறுத்தது. அந்த விகிதத்தை அறிய இருக்கும் நேரடி வழி, சோதனையின் நடுவே எந்திரத்தை நிறுத்திச் சுமையை இறக்கி மறுபடி ஏற்றுவதுதான். ஒரு மாதிரித்துண்டில் ஐந்தாறு முறை அப்படிச் செய்தால் போதும். ஒவ்வொரு முறையும் மீந்த திரிபையும் புதிய சரிவையும் குறித்துக்கொள்ளலாம். லாதெவேஸும் ல தாந்தெக்கும் 1992இல் வெளியிட்ட சேத மாதிரியின் மாறிலிகள் இப்படி ஏற்றி இறக்கும் சோதனையிலிருந்துதான் பெறப்படுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நம் ஆய்வேடுகளில் அந்தக் கட்டுரை தவறாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தச் சோதனை தவறாமல் விடுபடுகிறது.

கடலில் போகும் படகுக்கு இது ஏன் உயிர்நாடி என்பதற்கு இன்னொரு எளிய கணக்கு. ஆறு நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 4,800 அலைகள். ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குப் போனால் 9,60,000. படகின் வாழ்க்கை முழுதும் ஏற்றுவதும் இறக்குவதும்தான். அந்த வாழ்க்கையின் முதல் அரை நொடியை மட்டும் மாதிரியாக்கிவிட்டு, ‘நடத்தையை மாதிரியாக்கினேன்’ என்று நாம் எழுதுகிறோம்.

என் மாமா ஒருவர் நெடுங்காலம் டிங்கி பழுதுபார்த்தவர். என் ஆய்வைப் பற்றி ஒருமுறை அவரிடம் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “புதுசுல கல்லு மாதிரி நிக்கும் தம்பி. வருஷம் போகப் போக, அடித்தளத்த மிதிச்சா உள்ள போகும், கால எடுத்தா வரும். ஆனா பழைய எடத்துக்கே வருதான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.” பழைய இடத்துக்கே வருகிறதா என்பதுதான் முழுக் கேள்வியும். அதற்கு விடை சொல்லும் தகுதி என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்கும் அப்போது இல்லை.

இறக்கிப் பார்த்தாலும் ஏமாறலாம் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டும். ஏற்றி இறக்கும் சோதனையை நான் முதன்முதலில் செய்த நாளில், கடைசிச் சுற்று முடிந்ததும் மீந்த திரிபைக் குறித்துக்கொண்டேன். ‘மீளா உருமாற்றம்’ என்று தலைப்பிட்டு அட்டவணையும் போட்டேன். அந்தத் துண்டு, ஈரத்தில் ஊறவைத்து எடுத்த பாலியெஸ்டர்-கண்ணாடித் தகடு. மின்தடை வந்ததால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் துண்டை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை, வேறு எதற்காகவோ, துண்டில் இட்டிருந்த குறிகளின் இடைவெளியை மறுபடி அளந்தேன். முதல்நாள் ‘மீளாது’ என்று எழுதிய திரிபில் ஒரு பகுதி இரவோடிரவாக மீண்டிருந்தது. பாலிமரில் தாமத மீட்சி உண்டு என்பது இளநிலைப் பாடம். தேர்வில் எழுதியிருக்கிறேன். அட்டவணை போடும்போது நினைவுக்கு வரவில்லை. மீளாதது, மெல்ல மீள்வது என்று அந்த எண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு பருவம் முழுதும் அதற்குப் போயிற்று. மின்தடை வராதிருந்தால் தவறான அட்டவணையோடு ஆய்வேடு முடிந்திருக்கும். எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

சறுக்குச் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பெரும்பாலும் கையாள்வது ஏ.எஸ்.டி.எம். டி3518 அல்லது ஐ.எஸ்.ஓ. 14129 தரமுறை: இழைகள் இழுவைத் திசைக்கு இருபுறமும் 45 பாகையில் இருக்குமாறு துண்டை வெட்டி நேராக இழுப்பது. எளிய, மலிவான, நல்ல சோதனை. அதில் சறுக்குத் திரிபு 5 விழுக்காட்டைக் கடந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது தரமுறை. இழைகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று நோக்கித் திரும்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 5 விழுக்காட்டுத் திரிபில் பாவுக்கும் ஊடைக்கும் இடைப்பட்ட செங்கோணம் ஏறக்குறைய 2.9 பாகை குறைந்திருக்கும். அதற்கு மேல் போகப் போக இழைகள் இழுவைத் திசையை நோக்கிச் சாய்ந்து தாமே சுமையைத் தாங்கத் தொடங்கும். வளைவின் இறுதியில் அது மறுபடி மேலே ஏறும். அந்த ஏற்றத்துக்குக் காரணம் வடிவியல். ஆனால் அதைப் பொருளின் ‘கடினமாதல்’ என்று பெயரிட்டு, அதற்கும் இரண்டு மாறிலி கூட்டிப் பொருத்திக் காட்டும் கட்டுரைகளை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மாறிலிகள் கூடக் கூடப் பொருத்தம் கூடும். அதில் வியப்பு என்ன?

இந்தத் துறையில் நம்மவர் பங்கு சிறியதன்று. 1982, 83ஆம் ஆண்டுகளில் இஷிகாவாவும் சௌவும் நெய்த கூட்டுப்பொருள்களுக்கான முதன்மையான பகுப்பாய்வு மாதிரிகளை வெளியிட்டார்கள். முழங்காலையும் நேரிலா மீட்சியையும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். அதில் விடுபட்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டது பம்பாய் ஐ.ஐ.டி. விமானவியல் துறையில் என். கே. நாயக்கின் குழு. பாவு, ஊடை இரண்டின் நெளிவையும், கற்றைகளுக்கு இடையிலான இடைவெளியையும், கற்றையின் உண்மையான குறுக்குவெட்டு வடிவத்தையும் இரு பரிமாணங்களில் கணக்கில் கொண்ட மாதிரிகளை 1990களின் முற்பகுதியில் அவர்கள் உருவாக்கினார்கள். 1994இல் வந்த அவருடைய நூல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அந்தக் கட்டுரைகளைப் படித்தால் எனக்குத் தெரிவது ஒரு பண்பு: நெசவின் அளவுகளை நுண்ணோக்கியில் பார்த்து அளந்து எழுதியிருக்கிறார்கள். இன்று அதே அளவுகளை வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்து, வேறொரு துணிக்கு இட்டு, மென்பொருளில் ஓரலகு மாதிரியை உருவாக்கி, வண்ணப்படம் எடுத்துவிடுகிறோம். மென்பொருள் வளர்ந்திருக்கிறது. நாம் பார்ப்பது குறைந்திருக்கிறது.

பொருத்துவது வேறு, முன்கணிப்பது வேறு என்பதை இத்துறை ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் கற்றது. ஹின்டனும் சோடனும் இங்கிலாந்திலிருந்து நடத்திய உலகளாவிய முறிவுக் கோட்பாட்டுப் பயிற்சியில், பல நாடுகளின் கோட்பாட்டாளர்களுக்கு ஒரே அடிப்படைத் தரவு தரப்பட்டது. சோதனை முடிவுகள் காட்டப்படவில்லை. அவர்கள் தம் கணிப்புகளை முதலில் வெளியிட்டார்கள்; 1998இல் அவை அச்சாயின. பிறகே சோதனை முடிவுகளோடு ஒப்பிடப்பட்டன. ஒரே தரவிலிருந்து தொடங்கியவர்கள் வெகுதொலைவில் பிரிந்து நின்றார்கள்; ரெசின் ஆதிக்கம் செலுத்தும் பெருந்திரிபுகளைக் கணிப்பதில் பலர் சறுக்கினார்கள். அது நெய்த துணிக்கான பயிற்சியன்று. ஒருதிசை இழைத் தகடுகளுக்கானது. நெளிவும் குறுக்குப்பின்னலும் சேர்ந்த நம் பொருளுக்கு நிலைமை எளிதாகியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கடல்நீரின் மேற்பரப்பு வெப்பம் 28, 29 பாகை செல்சியஸ். கண்ணாடியிழை நீரை உறிஞ்சாது, ரெசின் உறிஞ்சும். தொடக்கத்தில் எடை கூடுவது காலத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக இருக்கும், பிறகு தேங்கும். உள்ளே போன நீர் ரெசினை இளக்குகிறது, அது மென்மையாகும் வெப்பநிலையைக் கீழிறக்குகிறது, இழைக்கும் ரெசினுக்கும் இடையிலான ஒட்டை அரிக்கிறது. நாளடைவில் பாலியெஸ்டரின் எஸ்டர் பிணைப்புகளையே நீராற்பகுக்கிறது. ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டுவதும் இதன் குடும்பந்தான். இழை திசையில் இழுக்கும்போது இந்த மாற்றங்கள் முதலில் அவ்வளவாகத் தெரியாது. தெரிவது சறுக்கில்தான், வளைவு வளையும் இடத்தில்தான். அதாவது நாம் மாதிரியாக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் அதே இடத்தில்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பழைய படகின் உடலிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கிறோம் என்க. தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஆய்வகம் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, 23 பாகை செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதம் என்னும் தரநிலைச் சூழலில் துண்டைப் பதப்படுத்துவது. ஆண்டுக்கணக்கில் கடல் அதற்குள் ஏற்றிய நீரில் ஒரு பங்கை அந்த அறை வெளியே எடுத்துவிடுகிறது. பிறகு சோதித்து, ‘பயன்பாட்டிலிருந்த படகுப் பொருளின் நடத்தை’ என்று தலைப்பிடுகிறோம். நடைமுறைப்படி பிழையில்லை. படகுக்குத்தான் அந்தத் தலைப்பு பொருந்தவில்லை.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. போர்ட் பிளேருக்கு அருகே சாத்தம் தீவில் 1883இல் தொடங்கிய மரஅறுவை ஆலை இருக்கிறது. அங்கே அறுபட்ட படாக்கு மரத்தைப் பற்றி நம் வனவியலாளர் எழுதிய அட்டவணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரத்தின் வலிமையை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவன மரபில் ஒற்றை எண்ணாக எழுதுவதில்லை. பச்சை நிலையில் இவ்வளவு, 12 விழுக்காட்டு ஈரத்தில் உலர்ந்த நிலையில் இவ்வளவு என்று தனித்தனியே தருவார்கள். மரமும் இழையும் பிணைப்பியும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். அதுவும் திசைக்கொரு குணமுடையதுதான். ஈரம் பொருளை மாற்றும் என்பதை மரத்துக்கு ஏற்றுக்கொண்டவர்கள், மரத்தின் இடத்துக்கு வந்த பொருளுக்கு ஏன் மறந்தோம்?

உலோகத்திலும் அப்படியே. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல இடங்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, அரிப்பு வீதத்தை அளந்து, இந்தியாவுக்கான அரிப்பு வரைபடத்தை உருவாக்கியது. கூட்டுப்பொருளுக்கும் அத்தகைய ஒரு வரைபடம் வேண்டும் என்பேன். ஒரே துணி, ஒரே ரெசின், ஒரே அடுக்குமுறையில் செய்த தகடுகளை மண்டபத்திலும், சென்னையிலும், போர்ட் பிளேரிலும் கடல்நீரில் தொங்கவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஈரம் உலராமல் அங்கேயே ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும். சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு எங்கள் தீவில் ஒரு மையம் இருக்கிறது. பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. தகட்டைத் தொங்கவிடக் கயிறு போதும். சிறிய இழுவை எந்திரம் ஒன்றைத் தவிர வேறு பெரிய செலவு எனக்குத் தோன்றவில்லை.

விமானத் துறையினர் இதைப் படித்தால், ‘நாங்கள் வெப்ப-ஈர நிலையில் சோதித்துத்தானே அனுமதி மதிப்புகளை நிர்ணயிக்கிறோம்’ என்று கூறுவார்கள். உண்மை. அவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது. மீன்பிடிப் படகுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே ஆய்வும் இல்லை. படகு கட்டுபவர் ஐயம் வந்தால் இன்னோர் அடுக்குத் துணி கூட்டுகிறார். படகின் எடை ஏறுகிறது, எரிபொருள் செலவு ஏறுகிறது. நாம் அளக்காததற்கான விலையை மீனவர் டீசலாகவும் மண்ணெண்ணெயாகவும் கட்டுகிறார்.

மறுப்புகளை நான் அறியாமல் இல்லை. எந்திர நேரம் கிடைப்பதில்லை. ஒரு சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். உண்மைதான். ஆனால் ஏற்றி இறக்குவதற்குக் கூடுதல் துண்டு தேவையில்லை. ஏற்கெனவே உடைக்கப்போகும் துண்டிலேயே ஐந்து முறை நிறுத்தினால் போதும். ஊறவைத்துச் சோதிக்க நேரம் ஆகும். அதை முதலாண்டிலேயே தொட்டியில் போட்டுவிடலாம், அது தன் பாட்டில் ஊறும். நெறியாளர்கள் முதல் குழுக் கூட்டத்திலேயே இதைக் கேட்டால் மாணவர் செய்வார். இறுதித் தேர்வில் கேட்டால் அழுவார்.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. ‘பல்லளவு மாதிரியில் இழை, ரெசின் ஆகியவற்றின் தனிப் பண்புகளிலிருந்தே முழுத் தகட்டின் நடத்தையைக் கணிக்கிறோமே, வளைவைப் பொருத்துவதே இல்லையே’ என்பது. கொள்கையளவில் அது மேலான வழி. ஆனால் அந்த மாதிரிகளில் ரெசினின் நேரிலா மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள். பல கட்டுரைகளில், தனி ரெசின் வார்ப்பைச் சோதித்த எண்கள் கற்றைக்குள் இருக்கும் ரெசினுக்குப் பொருந்தாமல் போகவே, தகட்டின் சறுக்கு வளைவைப் பார்த்து அவற்றைத் ‘திருத்தியிருப்பார்கள்’. முன்வாசலில் வெளியே அனுப்பிய பொருத்தம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது. எந்திரக் கற்றல் மாதிரிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். உருவகச் சோதனையின் வெளியீட்டைக் கொண்டு பயிற்றுவித்த வலையமைப்பு, உருவகம் அறியாததை அறிய வழியில்லை என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். நெய்த கூட்டுப்பொருளின் நேரிலா நடத்தை என்று தலைப்பிட்ட எந்த ஆய்வேட்டையும் மதிப்பிடும் வாய்ப்புக் கிடைத்தால், இனி இவற்றைக் கேட்பேன். இறக்கும் வளைவு எங்கே? துண்டு சோதனையின்போது எவ்வளவு ஈரமாக இருந்தது? இறக்கியபின் எவ்வளவு நேரம் கழித்து மீந்த திரிபை அளந்தீர்கள்? மாறிலிகளைப் பெறப் பயன்படுத்தாத ஒரு சோதனையை, வேறு கோணத்தில் வெட்டிய துண்டையேனும், உங்கள் மாதிரி முன்கூட்டியே கணித்ததா? இவற்றுள் ஒன்றிரண்டுக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால் அதனால் ஆய்வேடு தள்ளப்பட வேண்டியதில்லை. அந்த ‘இல்லை’ ஆய்வேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவே.

என் பங்குக்கு, நான் ஏற்றி இறக்கிய சோதனைகளின் மூலத் தரவை, அந்த இரவு மீட்சி உட்பட, அளந்தபடியே பொதுவில் வைக்கிறேன். முதல் கட்டுரையின் அட்டவணை எந்த இடத்தில் தவறு என்பதையும் அதில் குறித்திருக்கிறேன். கண்ணாடி-பாலியெஸ்டர் நெய்த தகடுகளில் எவரேனும் ஈரநிலைச் சோதனை செய்திருந்தால், அது வெளியாகாத தரவாக இருந்தாலும், வளைவு அசிங்கமாக இருந்தாலும், பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எந்தத் துணி, எந்த ரெசின், பாவு எந்தத் திசையில் இருந்தது என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். கைக்கு வரும் தரவுகளில் பாதி, அந்த ஒரு குறிப்பு இல்லாததால் பயன்படாமல் கிடக்கிறது.